ஒரே மகனின் தலையில் எண்ணெய்

போன ஆண்டு குடியரசு நாளன்று ஒரு பள்ளியில் முன்னாள் ராணுவக் குடும்பம் ஒன்றுக்கு மரியாதை செய்தார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை. முதல் இருவரும் பணி முடித்து ஊர் திரும்பி, நோயில் இறந்தவர்கள். மகன் பணியிலேயே இறந்தவர். மேடையில் நின்றது அவருடைய அம்மா. தமிழாசிரியர் புறநானூற்றின் 279ஆம் பாட்டுக்கு விளக்கம் சொல்லி, அந்த மறக்குடிப் பெண்ணை இன்று நேரில் காண்கிறோம் என்றார். பொன்னாடை, கைதட்டல், புகைப்படம். ஒலிவாங்கியை யாரும் அந்த அம்மாவிடம் நீட்டவில்லை. அவருடைய கொழுந்தனார் நன்றி சொல்லி இறங்கினார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண். முன்னொரு நாள் போரில் அவளுடைய தகப்பன் (தமையன் என்று பொருள் கொள்வாரும் உண்டு) யானையை வீழ்த்திக் களத்திலேயே மாண்டான். நேற்று அவள் கணவன் ஆநிரை காக்கப் போய் மாண்டான். இன்று போர்ப்பறை கேட்கிறது. இருப்பது ஒரே மகன். அவன் கையில் வேலைக் கொடுத்து, வெள்ளை ஆடை உடுத்தி, பறட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவி அனுப்பிவிடுகிறாள்.

இதை வீரத்தாயின் பெருமை என்று படித்தே பழகிவிட்டோம். ஆனால் பாட்டு பெருமையில் தொடங்கவில்லை. இவள் மனம் கெட்டொழியட்டும் என்ற வசையில்தான் தொடங்குகிறது. பார்த்து நிற்கும் யாரோ ஒருவர் பதறிச் சொல்லும் பேச்சு அது. அந்த வசை உண்மையில் வியப்பு, பழிப்பது போலப் புகழ்வது என்று உரைகள் அதைத் துடைத்துவிடுகின்றன. துறையையும் சாட்சிக்கு அழைப்பார்கள்: மூதின்முல்லை, அதாவது வீரக்குடிப் பெண்ணின் மறத்தைச் சொல்வது. துறைக்குறிப்பு பாட்டின் பகுதி அல்ல, கீழே எழுதப்பட்டது. புறநானூற்றின் பழைய உரையோ 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. ஆகவே இந்தப் பாட்டில் நாம் காணும் பெருமிதத்தில் பெரும்பங்கு பிற்காலத்து உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் தந்தது.

வசையை வசையாகவே எடுத்துக்கொண்டால் என்ன? பறை கேட்டதும் அவள் விரும்பினாள் என்று சொல்லும் கவிஞர், அதே மூச்சில் மயங்கினாள் என்றும் சொல்கிறார். தெளிந்த மனத்தின் முடிவாக அதை அவர் காட்டவில்லை. அப்புறம் அந்த எண்ணெய். போருக்கு வேல் வேண்டும், எண்ணெய் எதற்கு? பிள்ளையை எங்கே அனுப்பினாலும் தலைவாரி அனுப்புகிற கை அது. மகனுக்கு எவ்வளவு சின்ன வயது என்று கவிஞர் சொல்லாமல் சொல்லிவிடுகிறார்.

பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், ஒரு பெண். அவருக்குக் கிடைத்திருக்கும் எட்டுப் பாடல்களில் ஏழு அகம். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, கார்காலம் வந்தும் அவன் வரவில்லையே என்று காத்திருக்கும் பெண். காத்திருப்பதற்கு என்ன விலை என்று அறிந்தவர், இரண்டு சாவு விழுந்த வீட்டைக் கொண்டாட மட்டுமா எழுதியிருப்பார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இது பழைய பாட்டைப் பற்றிய பண்டிதச் சண்டை மட்டும் அல்ல. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்பார்கள்; தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர். அப்படிப்பட்ட ஊர்களைப் போற்றும்போது நாம் எண்ணுவது ஆண்களை. பெண்கள் அந்த எண்ணிக்கையைக் குறையாமல் பார்த்துக்கொள்பவர்கள்.

அரசு விதியும் அப்படித்தான் இருந்தது. வீரதீர விருது பெற்றவர் இறந்தால், விருதுக்கான மாதப்படி அவருடைய மனைவிக்குப் போகும். அவர் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும். ஒரே ஒரு விலக்கு: இறந்தவரின் சகோதரனை மணந்து, அந்தக் குடும்பத்தோடேயே வாழ்ந்தால் படி தொடரும். கொழுந்தனைக் கட்டினால் வீரனின் மனைவி. வேறு யாரைக் கட்டினாலும் அந்நியப் பெண். இந்த நிபந்தனையை நீக்கியது 2017 நவம்பரில்தான். படித்தபோது ஆண்டைத் தவறாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன்.

பெண்ணே படைக்குப் போகிறேன் என்றால்? ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கச் சொல்லி 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், அரசுத் தரப்பு எடுத்துவைத்த காரணங்களில் கர்ப்பமும் தாய்மையும் வீட்டுக் கடமைகளும் இருந்தன. நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை. மேடையில் பொன்னாடை பெறும் அதே தாய்மை, மனுவில் குறையாகிவிடுகிறது.

விழா முடிந்து ஆட்டோவுக்காக நிற்கும்போது அந்த அம்மாவிடம் மகனுடைய மனைவி வரவில்லையா என்று கேட்டேன். கொழுந்தனார் எதிர்ப்பக்கம் ஆட்டோக்காரரிடம் வாடகை பேசிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டாம்மா. படிக்கிறா. இங்கே வராதே, அங்கேயே இருன்னு நான்தான் சொன்னேன்."