கொப்புக் காது

மேல் காது குத்திக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிடுவேன். அவ்வளவு பிடித்துப்போன காரியம் இது. வளையல், கொலுசு, அட்டிகை என்று எத்தனையோ நகை போட்டிருக்கிறேன். எல்லாமே கழற்றி டப்பாவில் வைத்ததும் மறந்துபோகிறவை. இடது காதின் மேல் மடலில் இருக்கும் இந்தக் கடுகளவு வெள்ளை உருண்டை மட்டும் என் உடம்போடு சேர்ந்துவிட்டது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கண் அங்கேதான் போகிறது.

இப்படி மேல் மடலில் குத்துவதை ஹெலிக்ஸ் என்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் ஃபேஷன் என்று நினைப்பவர்கள் மதுரைப் பக்கத்துக் கிராமத்துப் பாட்டிகளின் காதைப் பார்த்ததில்லை. காதின் கீழ்ச் சோணையில் தண்டட்டியோ பாம்படமோ தொங்கும். மேல் மடலில் கொப்பும் முருகும் இருக்கும். குருத்தெலும்பைத் துளைத்துப் போட்டவைதான் அவை. நான் குத்திக்கொண்டு போய் நின்றபோது என் அப்பத்தா முகத்தை என் காதருகே கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். “கொப்பா ஆத்தா? நல்லாத்தான் இருக்கு. ஒரு பூ வச்சுப் போட்டிருக்கலாம்ல?” என்றார். “ஒங்கது எங்க அப்பத்தா?” என்றேன். “ஒங்க அத்தை கல்யாணத்துக்கு அழிச்சாச்சு.” அவர் மேல் காதில் நகை இல்லை, ஓட்டை மட்டும் இன்னும் தூர்ந்துபோகாமல் இருக்கிறது. அதை விரலால் தொட்டுப் பார்த்தபோது எனக்கு மேனி சிலிர்த்தது.

சரி, எங்கே போய்க் குத்திக்கொள்வது? இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். துப்பாக்கி வேண்டாம். ஃபேன்ஸி கடையிலும் சில நகைக்கடைகளிலும் வைத்திருக்கிறார்களே, ‘டப்’ என்று அடிக்கும் அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கி, அது சோணைக்கே எனக்குச் சம்மதமில்லை. மேல் காதுக்கு அறவே ஆகாது. தோட்டின் மொட்டை முனையையே அழுத்தி உள்ளே தள்ளுகிறது. குருத்தெலும்பு நசுங்கும், சில சமயம் விரிசலும் விடும். பிளாஸ்டிக் என்பதால் ஆட்டோகிளேவில் வைத்து நுண்ணுயிர் நீக்கவும் முடியாது. பியர்ஸிங் ஸ்டுடியோவில் பயன்படுத்துவது உள்ளே துளையுள்ள ஊசி. கூர்மையானது, ஒருவருக்கு ஒன்று, குத்தியதும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். காசு கூடத்தான். காதுக்காகக் கொடுக்கலாம்.

எனக்குக் குத்திய தம்பி ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிச் செய்தார். கையுறை மாட்டினார், காதைத் துடைத்தார், பேனாவால் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் கொடுத்தார். “கொஞ்சம் மேல வைங்க தம்பி” என்றதும் முகம் கோணாமல் அழித்துவிட்டு மறுபடி வைத்தார். ஊசி உறையைக் கண்ணெதிரே பிரித்து, ஆவியில் வெந்ததற்கு அடையாளமாக அதில் நிறம் மாறியிருந்த பட்டையையும் காட்டினார். “அக்கா, மூச்சை நல்லா இழுங்க. இப்ப மெதுவா விடுங்க.” விட்டேன். காதுக்குள் ‘நறுக்’ என்று ஒரு சத்தம். வலியைவிட அந்தச் சத்தம்தான் நினைவில் நிற்கிறது, வெளியே யாருக்கும் கேட்காது, நமக்கு மட்டும் அத்தனை பக்கத்தில் கேட்கும். அதற்குள் நகையின் தண்டு உள்ளே போய்விட்டது. காது மட்டும் சூடேறி, ஜிவுஜிவு என்று சிவந்து, சாயங்காலம் வரை விண்விண்ணென்று தெறித்தது. எனக்கோ மனசு முழுக்க சந்தோஷம். ஆட்டோவில் வரும்போதே செல்போன் கேமராவைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முதல் நகைக்கு டைட்டானியம்தான் நல்லது. உடம்புக்குள் பொருத்தும் மருத்துவக் கருவிகளுக்குப் பயன்படுத்தும் தரம் என்று கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் தங்கம்தான் ஆகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 22 காரட் தங்கம் மிருதுவானது, மேலே நுண்ணிய கீறல் விழும், ஆறாத புண்ணுக்கு அது தோதுப்படாது. ஒருசில கலப்பு உலோக நகைகளில் இருக்கும் நிக்கல் நிறையப் பேருக்கு அரிப்பைக் கிளப்பும். பின்பக்கம் தட்டையான வட்டு இருக்கிற மாதிரிக் கேளுங்கள். திருகாணி மாதிரிக் காதுக்குப் பின்னால் குத்தாது. தண்டு கொஞ்சம் நீளமாக இருப்பதைப் பார்த்து ‘அளவு தப்பு’ என்று பதறாதீர்கள். வீங்குவதற்கு விட்ட இடம் அது. சில வாரங்களில் வீக்கம் வடிந்ததும் அதே இடத்துக்குப் போய்க் குட்டைத் தண்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டால் நீளத் தண்டு ஆடி ஆடியே துளை சாய்ந்துபோகும்.

ஆறுவதற்கு ஏன் இத்தனை நாள்? சோணை ஆறேழு வாரத்தில் தேறிவிடும். மேல் காதுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. தோல் வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்ல வளர்ந்து துளைக்கு உறை போடும். வெளியே பார்த்தால் ஆறிவிட்ட மாதிரியே இருக்கும், உள்ளே இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கும். இந்தப் பொறுமைக் காலத்தைத்தான் நான் மிகவும் ரசித்தேன். காலையும் ராத்திரியும் காதுக்கென்று இரண்டு நிமிடம். மருந்துக்கடையில் சின்னக் குப்பியாகக் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனைச் சுத்தமான காஸ் துணியில் நனைத்து, மொட்டின்மேல் ஒற்றி வைத்துக்கொண்டு நிற்பேன். வெளிர் மஞ்சளாய்க் காய்ந்திருக்கும் பொருக்கு ஊறித் தானாக விட்டுக்கொடுக்கும். அது சீழ் இல்லை, நிணநீர் காய்ந்தது. நகத்தால் பெயர்க்கவே கூடாது. பிறகு காற்றில் உலரவிட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. “மஞ்சளைத் தேங்காயெண்ணெயில குழைச்சு வச்சா ரெண்டு நாள்ல காய்ஞ்சிரும்டி. தோட்டைத் திருகி விட்டுக்கிட்டே இருக்கணும்” என்றார். காதணி விழாவில் எல்லாக் குழந்தைக்கும் சொல்கிற யோசனைதான். மேல் காதுக்கு இது சரிவராது. எண்ணெய் துளையை அடைத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். திருகினால் உள்ளே வளரும் இளந்தோல் கிழியும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுச் செல்களையே எரித்துவிடும். அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன். இப்போது தெருவில் காது குத்தின பிள்ளைகளுக்கெல்லாம் “திருகாதீங்க” என்று சொல்வது அவர்தான்.

நிஜமான சவால் தூக்கம். குத்திய பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே கூடாது. பஸ் பயணத்துக்குக் கழுத்தில் மாட்டுவோமே, அந்த வளையத் தலையணைதான் எனக்குக் கைகொடுத்தது. காதை ஓட்டைக்குள் விட்டுப் படுத்தால் எதுவும் படாது. தலைக்குக் குளித்தால் சீயக்காயோ ஷாம்பூவோ தங்காமல் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். நூல் தொங்கும் துண்டைக் காதருகே கொண்டுபோகாதீர்கள், மாட்டிக்கொண்டு இழுத்தால் உயிரே போகும். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் விரித்துப் போடுங்கள். போன் பேச மறு காது. கிணறு, குளம், நீச்சல் குளம் எல்லாம் ஆறிய பிறகு.

துளையை ஒட்டிச் சின்னதாக ஒரு கட்டி கிளம்பினால் உடனே கெலாய்டு என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அழுத்தமோ உரசலோதான் காரணம். அது நின்றால் கட்டியும் அமுங்கும். துளையைத் தாண்டிப் படர்ந்து வளர்ந்துகொண்டே போவதுதான் கெலாய்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். வீட்டில் யாருக்காவது தழும்பு அப்படித் தடித்து வளர்ந்திருந்தால் குத்துவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சோணை சாதாரணமாக இருக்க, மேல் மடல் மட்டும் சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது குருத்தெலும்பைப் போர்த்திய சவ்வில் தொற்று. பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். விட்டால் காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல, ஆசைப்பட்டுக் குத்திய காது அழகாகவே இருக்க வேண்டும் என்பதற்காக.

முழுதாக ஆறிய பிறகு வாங்கிய முதல் நகை ஒரு பூ. அப்பத்தா கேட்ட மாதிரியே, ஐந்து இதழ், நடுவில் சிவப்புக் கல். கொண்டை போடும் நாளில் வெள்ளை உருண்டைக்குப் பதில் அதைப் போட்டால் தனியாகத் தெரிகிறது. பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைப் பார்க்கிறார்கள்.

காதுக்கு வயசு கிடையாது. நாற்பது தாண்டியாயிற்றே என்று தயங்குகிறவர்கள், பிள்ளைகள் என்ன சொல்வார்களோ என்று யோசிக்கிறவர்கள், ஊசியை நினைத்து வருஷக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர்கள் எல்லோரும் குத்திக்கொள்ளுங்கள். நல்ல இடமாகப் பார்த்து, ஊசியால் மட்டும்.