டர்போ இல்லாத பவர்: டியூனிங் பாணிகளும் அளவுகோல்களும்

அம்பாசடர் காரின் பானெட்டுக்கு அடியில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனம் வடிவமைத்த 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்ஜிஏ என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பத்து 1489 சிசி இன்ஜின்தான் இருந்தது. போரும் ஸ்ட்ரோக்கும் ஒன்றே. அம்பாசடரில் அது தந்தது ஏறத்தாழ 50 குதிரைத்திறன். எம்ஜிஏவில் 68இல் தொடங்கி, சீக்கிரமே 72 ஆனது. டர்போ கிடையாது, சூப்பர்சார்ஜர் கிடையாது. இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள், கூட்டிய கம்ப்ரஷன், காற்று தாராளமாகப் போய்வரும் ஹெட், கொஞ்சம் கூடுதல் ஆர்பிஎம், அவ்வளவுதான். டியூனிங் கலையின் இலக்கணம் முழுவதும் இந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது.

டர்போ வைத்த இன்ஜினில் காற்றைத் திணிக்கலாம். பூஸ்ட்டைக் கூட்டினால் பவர் கூடும். அந்த வசதி இல்லாத, இயல்பாக மூச்சுவிடும் இன்ஜினை ஒர்க்‌ஷாப்பில் 'என்.ஏ.' (நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்) என்பார்கள். பிஸ்டன் கீழிறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவு காற்றை உள்ளே தள்ளுகிறதோ, அதுதான் அதன் முதலீடு. சிசியைத் தொடாமல் பவரைக் கூட்ட வேண்டுமானால், ஒவ்வொரு மூச்சிலும் சிலிண்டரை இன்னும் நிறைவாக நிரப்ப வேண்டும். அல்லது கம்ப்ரஷனை உயர்த்தி, உள்ளே வந்த கலவையிலிருந்து இன்னும் அதிக வேலை வாங்க வேண்டும். அல்லது நிமிடத்துக்கு விடும் மூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இவற்றில் எதற்கு முதலிடம் என்பதில்தான் நாட்டுக்கு நாடு பாணி வேறுபடுகிறது.

பிரிட்டிஷ் பாணி சிலிண்டர் ஹெட்டில் தொடங்கும். ஹாரி வெஸ்லேக், போர்ட்டின் வழியே காற்றைச் செலுத்தி அளந்து பார்த்து, அதற்கேற்ப ஹெட்டைச் செதுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். பிஎம்சியின் 'ஏ சீரிஸ்' இன்ஜினில் இதய வடிவ எரியறையைத் தந்ததும் அவர்தான். அந்த இன்ஜினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இரண்டு இன்டேக் போர்ட்டுகள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பகிர்ந்துகொண்டாக வேண்டும். அந்தக் குறையோடுதான் 1959இல் 848 சிசியில் 34 குதிரைத்திறன் தந்த மினி, 1275 சிசி கூப்பர் எஸ் வடிவில் 76 வரை வந்தது. கூப்பர் எஸ் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றது. இந்த ஒரே இன்ஜினின் டியூனிங்கைப் பற்றி டேவிட் விசார்ட் தடித்த புத்தகம் ஒன்றே எழுதியிருக்கிறார். அவ்வளவு தோண்டியும் அதில் சொல்ல விஷயம் இருந்தது.

இந்தப் பாணியின் உச்சம் காஸ்வொர்த். 1958இல் மைக் காஸ்டினும் கீத் டக்வொர்த்தும் தொடங்கிய நிறுவனம். டக்வொர்த் வடிவமைத்த டிஎஃப்வி என்ற 3 லிட்டர் வி8, 1967இல் ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட் பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் அறிமுகமாகி, அன்றே வென்றது. பவர் 400 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைப்பது புதிதல்ல. இன்டேக் வால்வுக்கும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் இடையிலான கோணத்தை வெறும் 32 டிகிரிக்கு ஒடுக்கியதில்தான் டக்வொர்த்தின் கை தெரிகிறது. கோணம் ஒடுங்கியதால் எரியறை ஆழமற்றதானது. பிஸ்டனின் தலையில் மேடு கட்டாமலே கம்ப்ரஷனை உயர்த்த முடிந்தது. தீ பரவவும் தடை இல்லை. அந்த இன்ஜின் 155 கிராண்ட் பிரிக்களை வென்றது. வெட்டுவதற்கு முன் யோசித்து அளக்கும் இந்தப் பாணியையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்.

இத்தாலியப் பாணி எக்ஸாஸ்ட்டிலும் கார்புரேட்டரிலும் வளர்ந்தது. 1949இல் தொடங்கிய கார்லோ அபார்த்தின் நிறுவனம் எக்ஸாஸ்ட் செட் விற்றுப் பேர் வாங்கியது. 18 குதிரைத்திறன் ஃபியட் 500ஐ, போரைப் பெரிதாக்கி, கம்ப்ரஷனைக் கூட்டி, 1963இல் 27 குதிரைத்திறன் 'அபார்த் 595' ஆக்கியது. எளியவர் வாங்கும் காரை ஏறி மிதிக்கத் தக்க காராக்கிய கைத்திறன் அது. இன்னொரு பக்கம் வெபர். அதன் இரட்டைக்குழல் கார்புரேட்டர் இரண்டைப் பொருத்தினால், நான்கு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு தொண்டை. சோக், மெயின் ஜெட், ஏர் ஜெட், எமல்ஷன் டியூப் எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். ஜெர்மனியின் அல்பினா நிறுவனமே, பிஎம்டபிள்யூ 1500 காருக்கு வெபர் செட் செய்து கொடுத்துத்தான் வளர்ந்தது.

அமெரிக்காவில் கதை வேறு. 1932இல் ஃபோர்டு 65 குதிரைத்திறன் வி8 இன்ஜினைச் சாமானியர் விலையில் கொடுத்ததும், கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் அதை விரட்டத் தொடங்கினார்கள். விக் எடல்பிராக் இன்டேக் மேனிஃபோல்டு வார்த்தார். எட் இஸ்கெண்டேரியன் கேம் அரைத்தார். அங்கே அரசன் கேம்ஷாஃப்ட்தான். கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன் என்பது அவர்களின் லட்சியக் கோடு. 1957இல் செவர்லே 283 கன அங்குல இன்ஜினில் 283 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்தது. லிட்டர் கணக்கில் அது 61தான் வரும். அதற்காக அந்தப் பாணியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தள்ளுகோல் வைத்த எளிய இன்ஜினை நாஸ்கார் பந்தயத்தில் 9,000 ஆர்பிஎம் வரை மணிக்கணக்கில் ஓட வைத்தவர்கள் அவர்கள்.

கேமில் உள்ள பேரம் எல்லாப் பாணிக்கும் பொதுவானது. வால்வு நீண்ட நேரம் திறந்திருந்தால் அதிக ஆர்பிஎம்மில் சிலிண்டர் நன்றாக நிரம்பும். எக்ஸாஸ்ட் வால்வு மூடுமுன்பே இன்டேக் திறக்கும் அந்த 'ஓவர்லேப்' நேரத்தில், வெளியேறும் புகையின் இழுவை புதுக்காற்றையும் கூட இழுத்துவரும். ஹெட்டர் குழாய்களின் நீளத்தைக் கணக்குப் போட்டு வெட்டுவது இந்த இழுவைக்காகத்தான். ஆனால் அதே கேம் குறைந்த ஆர்பிஎம்மில் புகையைத் திரும்ப உள்ளே விட்டுவிடும். ஐடிலிங் நிலைக்காது, டவுனுக்குள் இரண்டாவது கியரில் வண்டி முக்கும்.

இந்தப் பேரத்துக்கு வழி கண்டது ஜப்பான். 1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த 'விடெக்' இன்ஜின், ஒரே கேம்ஷாஃப்ட்டில் சாதுவான முனையையும் பந்தய முனையையும் சேர்த்து வைத்து, ஆர்பிஎம் ஏறியதும் ஆயில் பிரஷரால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது. 1595 சிசியில் 160 பிஎஸ் (மெட்ரிக் குதிரைத்திறன்). தெருவில் ஓடும் காரில் லிட்டருக்கு 100. 1995இல் இன்டெக்ரா டைப் ஆர் காருக்குத் தொழிற்சாலையிலேயே ஹெட்டின் போர்ட்டுகளைக் கையால் தேய்த்துச் சீர்செய்தார்கள், 1.8 லிட்டரில் 200 பிஎஸ். 1999இல் எஸ்2000, ஜப்பானிய வடிவில் 2 லிட்டருக்கு 250 பிஎஸ். வாரன்டியோடு விற்ற டியூனிங் அது.

நம் பாணி சோழவரத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் பந்தயக் களமானது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலத்தில் பந்தய கேமோ வெபர் செட்டோ நினைத்தபடி கிடைக்காது. கையில் இருந்தது 1089 சிசி ஃபியட்டும் அம்பாசடரும். ஆகவே இருந்த கேமின் அடிவட்டத்தை அரைத்துக் குறைத்து லிஃப்டைக் கூட்டுவது, ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றுவது, குழாய் வளைத்து ஹெட்டர் கட்டுவது என்று லேத் பட்டறைதான் டியூனிங் கடையாயிற்று. பம்ப்பும் நெசவு இயந்திரமும் செய்து பழகிய கோவையின் வார்ப்படத் தொழிலாளிகளுக்கும் மெஷினிஸ்டுகளுக்கும் இது இயல்பாகவே கைவந்தது. கோவைத் தொழில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், மாருதி 800இன் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வகுப்பில் கார் ஓட்டிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத்தான் செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம் தாங்கி நிற்கிறது. குறைந்த பொருளில் நிறைய வாங்கும் இந்தப் பாணிக்கு மற்றவற்றுக்குச் சமமான மரியாதை உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தப் பாணியானாலும் நல்ல கையை அடையாளம் காணும் இடம் ஒர்க்பெஞ்ச். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மூடி, விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அதன்மேல் ஒட்டுவார்கள். பியூரெட்டிலிருந்து நிறம் கலந்த மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். கடைசிக் காற்றுக்குமிழி வெளியேறியதும் அளவைக் குறிப்பார்கள். நான்கு அறைகளும் ஒரே அளவு காட்டும்வரை வேலை நிற்காது. பிறகு பிஸ்டனின் தலையில் பிளாஸ்டிசின் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, கிராங்கை ஸ்பேனரால் மெல்ல இரண்டு சுற்று சுற்றுவார்கள். திறந்தால் களிமண்ணில் வால்வின் பள்ளம் பதிந்திருக்கும். அதைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மெல்லிய இடத்தின் தடிமனை அளப்பார்கள். இன்டேக் பக்கம் சுமார் 2 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் சுமார் 2.5 மிமீயாவது இல்லையென்றால் அந்த கேம் அந்த இன்ஜினுக்கு ஆகாது. போர்ட்டை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு குடைந்து கண்ணாடி போலப் பாலிஷ் போடுகிறவர் இந்த வேலையைப் புரிந்துகொள்ளாதவர். வழி அகன்றால் காற்றின் வேகம் செத்துவிடும். கார்புரேட்டர் இன்ஜினில் இன்டேக் சுவர் லேசாகச் சொரசொரப்பாக இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் படியாமல் காற்றோடு போகும். வேலை செய்ய வேண்டிய இடம் வால்வு சீட்டுக்கு ஒட்டிய தொண்டையும், காற்று திரும்பும் குறுகிய வளைவும்தான்.

அளவுகோலுக்கு வருவோம். லிட்டருக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. டார்க் என்கிற முறுக்குவிசையை ஆர்பிஎம்மோடு பெருக்கிப் பெறுவதுதான் பவர். எஸ்2000 லிட்டருக்கு 125 பிஎஸ் தந்தபோது அதன் டார்க் லிட்டருக்கு 109 நியூட்டன் மீட்டர். காஸ்வொர்த் கட்டிய கார்டன் மர்ரி டி.50 காரின் 4 லிட்டர் வி12, 11,500 ஆர்பிஎம்மில் 663 பிஎஸ் தருகிறது, லிட்டருக்கு 166. டார்க்கோ லிட்டருக்கு 117தான். பவர் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. சிலிண்டர் நிரம்புவதிலும் எரிவதிலும் கூடியது 7 சதவீதம். மிச்சமெல்லாம் ஆர்பிஎம். அந்த ஆர்பிஎம்முக்கும் பிஸ்டன் வேகம் எல்லை போடுகிறது. எஸ்2000 தன் 9,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 25 மீட்டரைத் தொடும். 18,000 ஆர்பிஎம் சுற்றிய ஃபார்முலா ஒன் வி8 சுமார் 24இல் நின்றது. 88.9 மிமீ ஸ்ட்ரோக் கொண்ட அம்பாசடர் இன்ஜினிடம் 8,000 கேட்பது கனெக்டிங் ராடை உடைக்கும் வேலை. ஆகவே ஒரு டியூனரின் அறிவை லிட்டருக்கான டார்க்கிலும், அந்த டார்க் எந்த ஆர்பிஎம்மிலிருந்து எதுவரை விழாமல் நிற்கிறது என்பதிலும் பார்க்க வேண்டும்.

அளக்கும் முறையும் எண்ணை மாற்றிவிடும். 1971இல் 330 குதிரைத்திறன் என்று விற்ற கொர்வெட்டின் எல்டி-1 இன்ஜின், 1972இல் 255 ஆனது. இன்ஜின் அவ்வளவு இளைக்கவில்லை. ஏர் கிளீனரும் எக்ஸாஸ்ட்டும் இல்லாமல் பெஞ்சில் அளந்த பழக்கத்தை விட்டு, காரில் இருப்பதுபோல அளக்கத் தொடங்கினார்கள். சரிவில் பெரும்பங்கு அதனால்தான். வெப்பமும் ஒரு காரணி. 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிடச் சென்னையின் 40 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. அதனால்தான் அமெரிக்க எஸ்ஏஇ முறை 25 டிகிரிக்கும் ஜெர்மானிய டிஐஎன் முறை 20 டிகிரிக்கும் கணக்கைத் திருத்திச் சொல்கின்றன. எந்தத் திருத்தம் என்று சொல்லாமல் டைனோ (பவர் அளக்கும் இயந்திரம்) காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஈசியூ என்ற இன்ஜின் கணினியை ரீமேப் மட்டும் செய்து என்.ஏ. இன்ஜினில் 30 சதவீதம் கூட்டித்தருவதாகச் சொல்லும் விளம்பரத்துக்கும் மதிப்பில்லை. காற்று கூடாமல் பெட்ரோலும் ஸ்பார்க்கும் மட்டும் அவ்வளவு செய்யாது. மாருதி எஸ்டீமின் 1298 சிசி இன்ஜின் 65இலிருந்து 85 குதிரைத்திறனுக்குப் போனபோது கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ என்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் மட்டும் வரவில்லை. 16 வால்வு ஹெட்டும் சேர்ந்தே வந்தது.

உங்கள் இன்ஜினை ஒருவரிடம் கொடுக்கப் போகிறீர்களா? தெருவில் ஓடும் வண்டியென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை முதலில் படித்துவிடுங்கள். டிராக் வண்டியென்றால் தயங்காமல் கொடுங்கள். எவ்வளவு பவர் வரும் என்று கேட்காதீர்கள். எந்த ஆர்பிஎம்முக்காகக் கட்டப் போகிறார் என்று கேளுங்கள். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என ஒரே டைனோவில், ஒரே திருத்தத்தில் எடுத்த இரண்டு வரைபடங்களையும், கேமின் அளவுகளும் எரியறை சிசியும் எழுதிய தாளையும் கேட்டு வாங்கி, ஆர்சி புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.