ஆடை அறத்தின் எழுவாய்

'நூல்' என்னும் ஒரே சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்தவர் தமிழர். நன்னூலின் பாயிரம் இவ்வொப்புமையை விரித்துச் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் காட்டுகிறது. நூற்பவள் அங்கே ஆக்கியோன் நிலையில் வைக்கப்படுகிறாள். இன்று உலகச் சந்தைக்கு ஆடை தைக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு நூல்வகை தோன்றிப் பெருகியுள்ளது. வாங்கும் பெருநிறுவனங்கள் தமக்கு ஆடை வழங்கும் தொழிற்சாலைகளுக்கு விதிக்கும் நன்னடத்தை விதிகளே அவை. அந்நூல்களை ஆக்கியோருள் அப்பெண்கள் இல்லை. இது வெறும் மரியாதைக் குறைவன்று. அந்நூல்களின் பொருளையே கெடுத்த குறை என்பது அவற்றை இலக்கணக் கண்கொண்டு நோக்குவார்க்குப் புலனாகும்.

1991இல் அமெரிக்காவின் லெவி ஸ்ட்ராஸ் நிறுவனம் இத்தகைய விதிகளை வெளியிட்டது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. சிறாரை வேலைக்கு அமர்த்தலாகாது, கட்டாய உழைப்புக் கூடாது, வேலைநேரம் வரம்பு மீறலாகாது, சட்டம் கூறும் கூலி வழங்குக என்பன போன்றவை இவற்றில் தவறாமல் இடம்பெறும். குறை சொல்வதற்கில்லாத அறங்கள்தாம். ஆனால் இவ்வாக்கியங்களின் எழுவாய் யார்? ஏறத்தாழ எல்லாவற்றிலும் வழங்குநரே எழுவாய். தொழிலாளி பெரும்பாலும் செயப்படுபொருள், காக்கப்படுபவள், கணக்கெடுக்கப்படுபவள். கட்டளையிடும் வாங்குநரோ தோன்றா எழுவாயாக மறைந்து நிற்கிறார். பத்து நாளில் முடித்துத் தருக என்று நெருக்குவதும், சென்ற ஆண்டினும் குறைந்த விலை கேட்பதும் அவர் செயல்கள். அவை விதிகளுக்குள் வருவதில்லை. இரவு வேலை வேண்டாம் என்று ஒரு கடிதமும், இரவு வேலையின்றி முடியாத ஆணை மற்றொரு கடிதமும் ஒரே முகவரியிலிருந்து வந்தால் தொழிற்சாலை எதனைப் பின்பற்றும்? ஆணையைத்தான்.

விதிகளுக்கு உரை எழுதியோர் தணிக்கையாளர். அவ்வுரையின் தரத்தைக் காண 2012ஆம் ஆண்டின் கராச்சிக்குச் செல்ல வேண்டும். சமூகப் பொறுப்புக்கான எஸ்ஏ 8000 சான்றிதழைப் பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை அவ்வாண்டு செப்டம்பர் 11இல் எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீயை வைத்தவர் வேறு. ஆயினும் சன்னல்களில் கம்பியிட்டு, வெளியேறும் வழிகளை அடைத்து வைத்த கட்டடத்திற்குச் சான்று அளித்த கை யாருடையது என்னும் வினாவை அத்தீர்ப்பு அகற்றிவிடவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 24இல் வங்காளதேசத் தலைநகர் டாக்கா அருகே, சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். முதல் நாளே சுவர்களில் பிளவு தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வெளியேற்றியது. தைப்போரோ மறுநாள் கூலியிழப்பு அச்சுறுத்தலால் மேலே அனுப்பப்பட்டனர். அங்கிருந்த தொழிற்சாலைகளுள் சில முன்னரே தணிக்கை செய்யப்பட்டவை. கட்டடத்தின் உறுதி அத்தணிக்கையின் பாடத்திட்டத்தில் இல்லை. பிளவைக் கண்ட கண்கள் தொழிலாளருடையவை. 'ஏற மாட்டோம்' என்று ஒருங்கே மறுக்கத் தொழிற்சங்கம் வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை 1948இன் பன்னாட்டு உடன்படிக்கை 87 வழங்கியது. பல நிறுவன விதிகளிலும் அது ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது. வரியாக மட்டும்.

இவ்விழப்பின் பின் 2013 மே மாதத்தில் உருவான தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் வாக்கிய அமைப்பையே மாற்றியது. வாங்கும் நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் எதிரெதிரே அமர்ந்து கையொப்பமிட்டன. 'பழுதுபார்ப்பதற்கான பொருள்வசதி தொழிற்சாலைக்குக் கிட்டுமாறு வாங்குநர் செய்தல் வேண்டும்' என்பது அதன் சாரங்களுள் ஒன்று. தோன்றா எழுவாய் தோன்றிவிட்டார்! 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இணைந்தன. ஆய்வறிக்கைகள் யாவரும் படிக்க வெளியிடப்பட்டன. இஃது ஏட்டுச் சுரைக்காய் ஆகவில்லை. 2016இல் தொழிற்சங்கங்கள் இரு நிறுவனங்கள்மீது நடுவர் வழக்குத் தொடுத்தன. அவற்றுள் ஒன்று 2018 சனவரியில் 23 இலட்சம் டாலர் தர இசைந்தது. நன்னடத்தை விதிகளை மீறிய வாங்குநரைத் தொழிலாளர் தரப்பு இவ்வாறு வழக்குக்கு இழுக்க முடியுமா என எண்ணிப் பார்த்தால், அறிவுரைக்கும் ஒப்பந்தத்திற்கும் உள்ள தொலைவு விளங்கும்.

ஆயினும் இவ்வொப்பந்தத்தைப் புகழ்வோர் அதன் எல்லையை மறைத்தல் கூடாது. கூரை விழாமல் அது காத்தது. அக்கூரையின் கீழ் உழைப்பவளின் கூலியைப் பற்றி அது பேசவில்லை. வங்காளதேசத்தில் 2023இல் சங்கங்கள் மாதம் 23,000 டாக்கா கேட்டுப் போராடின. அரசு வகுத்த குறைந்தபட்சக் கூலி 12,500 டாக்கா. அப்போராட்டத்தில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஆடைக்கு வாங்குநர் தரும் விலை உயராமல் கூலி எங்ஙனம் உயரும் என்பது எளிய கணக்கு. எனினும் விலை என்னும் சொல்லை இவ்வகை நூல்கள் இன்னமும் தயங்கித் தயங்கியே எழுதுகின்றன.

கட்டடமும் கூலியும் அன்றி மூன்றாவது ஒன்றும் உண்டு. மேற்பார்வையாளரின் வசைச்சொல்லும் தொடுகையும் எந்தத் தணிக்கையாளரின் வருகை நாளிலும் நிகழ்வதில்லை. தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருவர் 2021 சனவரியில் கொலையுண்ட பின், பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு நெசவுத் தொழிலாளர் சங்கம் ஒன்று அத்தொழிற்சாலையின் உரிமை நிறுவனத்தோடு 2022 ஏப்ரலில் ஓர் உடன்பாடு கண்டது. வாங்கும் பன்னாட்டு நிறுவனமும் தனி ஒப்பந்தத்தால் அதற்குக் கட்டுப்பட்டது. பாலியல் தொல்லையோடு சாதி இழிவையும் சேர்த்தே அது தடுத்தது. ஆண்டுக்கொரு முறை வந்து போகும் தணிக்கையாளரை மட்டும் அது நம்பவில்லை. தையல் வரிசைகளிலேயே பணியாற்றும் பெண்களைக் கண்காணிப்பாளராகப் பயிற்றுவித்து அமர்த்தியது. குறைகளைக் கேட்டு, குறித்து, மேலிடத்தில் எழுப்பும் பணி அவர்களிடம் வந்தது.