சிலம்பம், சீனடி, சிலாட்: கலையைத் தேர்வது எது?

தற்காப்புக் கலை பழகுபவரிடம் காரணம் கேட்டால் உடற்பயிற்சி, தன்னம்பிக்கை, தற்காப்பு என்ற மூன்றும் அநேகமாக அதே வரிசையில் வரும். மூன்றும் எந்தக் கலைக்கும் பொருந்துபவை. ஒருவர் கராத்தேயை விட்டுச் சிலம்பத்துக்கு ஏன் போனார் என்று இவற்றைக் கொண்டு சொல்ல முடியாது. ஆசான் எங்கே இருக்கிறார், அந்தக் கலை யாருடையதாக எண்ணப்படுகிறது, சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது என்பவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டையும் இலங்கையையும் அருகருகே வைத்தால் இது புலப்படும். இவ்விரு இடத்துத் தமிழரின் வழிவந்தவர்களும் வாழும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரம் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் சிலம்பம் ஊரோடு ஒட்டிய கலை. பொங்கல் விளையாட்டு, கோயில் விழா, ஊர்வலம் என்று கம்பு சுற்றும் காட்சி கண்ணில் படாமல் போகாது. ஆசானும் அதே ஊர்க்காரராக, பல வேளைகளில் உறவினராகவே இருப்பார். கம்பைத் தரையில் ஊன்றினால் ஆடுபவரின் நெற்றியைத் தொட வேண்டும் என்பது பழைய அளவு. ஆனால் சேர்ந்தவுடன் அந்தக் கம்பு கைக்கு வந்துவிடாது. முதலில் காலடி: முன்னே ஒன்று, பின்னே ஒன்று, திரும்பி ஒன்று என்று வெறுங்கையோடு மண்ணை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்வமாக வந்த பிள்ளைகளில் சிலர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். நிலைத்தவர்களுக்கு அடுத்து கம்பு வீச்சு. பிறகு எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை. மான்கொம்பும் சுருள்வாளும் அதற்கும் பின்னால். தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் கம்பைவிட, வெறுங்கைச் சண்டையான அடிமுறைக்கும் உடலின் உயிர்நிலைப் புள்ளிகளைக் குறிவைக்கும் வர்மத்துக்கும் மதிப்பு அதிகம். ஆக, எந்தக் கலை என்பதைப் பிறந்த மாவட்டமே பாதி முடிவு செய்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டைக் குலைத்தது கராத்தே. 1973இல் வந்த புரூஸ் லீயின் 'என்டர் த டிராகன்' (அதில் அவர் காட்டுவது கராத்தே இல்லை என்பது வேறு கதை) உலகெங்கும் கிளப்பிய மோகம் தமிழ்நாட்டையும் தொட்டது. வெள்ளை உடுப்பும் நிறம் மாறும் பெல்ட்டும் பெற்றோருக்குப் பிடித்தன. பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கிறான் என்பதை இடுப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம்; சிலம்பத்தில் அது ஆசானுக்கு மட்டுமே தெரியும். பெயருக்கு முன்னால் 'கராத்தே' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டவர்களும் உருவானார்கள்.

அண்மையில் காற்று திரும்பியிருக்கிறது. வர்மத்தைக் காட்டிய 'இந்தியன்' (1996), அடிமுறையைக் காட்டிய 'பட்டாஸ்' (2020) போன்ற படங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் தமிழ்நாடு அரசு சேர்த்ததே பெரிய தூண்டுதல் எனலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. இப்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி சான்றிதழைப் பற்றியது. அதன் விளைவு ஆட்டத்திலும் தெரிகிறது: நடுவர் கண்ணைக் கவரும் வேகச் சுழற்சிக்குப் பயிற்சி கூடுகிறது, அடிக்கும் தடுப்புக்கும் குறைகிறது.

இலங்கையில் கலைகள் மாவட்ட வாரியாக இல்லாமல் சமூக வாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. சிங்களவரின் அங்கம்பொர என்ற கலை வெறுங்கைப் போரான அங்கம், ஆயுதப் போரான இலங்கம் என்ற பகுதிகளைக் கொண்டது. சுதாலிய, மருவல்லிய என்ற இரு பரம்பரைகள் அதில் பேசப்படுகின்றன. கண்டி அரசு 1815இல் வீழ்ந்து, ஊவா வெல்லச கிளர்ச்சியும் 1818இல் ஒடுக்கப்பட்ட பிறகு ஆங்கிலேயர் இக்கலையைத் தடைசெய்தார்கள் என்றும், அது மறைவாகக் குடும்பங்களுக்குள் பிழைத்தது என்றும் அதைப் பயில்வோர் சொல்வர். அந்த நினைவே இன்று பலரை அதன்பால் இழுக்கிறது. கிழக்கில் முஸ்லிம்களிடம் சீனடி என்ற தற்காப்புக் கலையையும் சிலம்பத்தையும் 'சீனடி சிலம்படி' என்று சேர்த்தே சொல்லும் வழக்கு உண்டு; கல்யாண வீடுகளில் அது ஆடப்பட்டது. மலையகத்துக்குச் சிலம்பம் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு வந்தது. 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுழற்றியதை மலையகம் தன் வீட்டுப் பிள்ளையின் ஆட்டமாகவே பார்த்திருக்கும்.

இந்தப் பிரிவினாலேயே இலங்கையில் கராத்தேயின் இடம் வேறாகிறது. தமிழ்நாட்டில் அது வெளியூர்ப் புதுமையாக வந்து கவர்ந்தது. இலங்கையிலோ அது யாருக்கும் சொந்தமில்லாதது என்பதே அதன் பலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் காலி நகரத்துப் பிள்ளையும் ஒரே ஜப்பானியச் சொற்களில் எண்ணி, ஒரே மேடையில் மோதலாம். பழகுவதால் எந்தச் சமூகத்தின் அடையாளத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

உட்லண்ட்ஸில் இந்தக் காரணங்கள் பலவும் வலுவிழக்கின்றன. ஊர்க் கோயில் மைதானத்துக்குப் பதில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழ்த்தளம், மாமன் உறவில் ஆசானுக்குப் பதில் சமூக மன்றத்து வகுப்பு. டேக்குவாண்டோ, வூஷு போன்றவை பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கைகளாக இருப்பதால் திறமையைக் காட்டிப் பள்ளியில் இடம் பெறும் நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. தமிழ்நாட்டுப் பெற்றோரின் சான்றிதழ் கேள்வியேதான் இது. மலாய்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் வட்டாரமாதலால் மலாய்த் தற்காப்புக் கலையான சிலாட்டும் அந்நியமாகத் தோன்றாது. சிங்கப்பூரின் ஷேக் ஃபர்ஹான் உலக வெற்றியாளரானதும், 2018இல் உலகப் போட்டியே சிங்கப்பூரில் நடந்ததும் அதன் மதிப்பை உயர்த்தின.

சிலம்பத்துக்கு இங்கே இடமே ஒரு சிக்கல். ஐந்தடிப் பிள்ளை தன் நெற்றி உயரக் கம்பின் நடுவைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றினால் முனை எட்டடிக்கு மேல் போகும். தூண்களும் தாழ்ந்த கூரையும் உள்ள கீழ்த்தளம் அதற்குச் சரிப்படாது. திறந்த திடலோ உயர்ந்த மண்டபமோ வேண்டும். சிலம்பத்தில் காலடிக்கு மட்டுமே வெறுங்கை போதும்; சிலாட்டையும் டேக்குவாண்டோவையும் அதற்குப் பிறகும் வெறுங்கையோடே பழகலாம். பொங்கல் மேடையில் சிலம்பம் பார்த்து ஆசைப்பட்ட உட்லண்ட்ஸ் பிள்ளை லிட்டில் இந்தியா பக்கம் வகுப்பு தேடினால், நியூட்டனில் ரயில் மாறி, நெற்றி உயரக் கம்பைக் கூட்டத்துக்குள் நிமிர்த்திப் பிடித்தபடி வாரந்தோறும் போய்வர வேண்டும். டேக்குவாண்டோ உடுப்பு புத்தகப் பைக்குள்ளேயே அடங்கிவிடும்.