வெளுத்துப்போன புளியமரம்

நான் எடுத்த முதல் அகச்சிவப்புப் படம் எங்கள் தெருமுனைப் புளியமரம். மே மாத மதியம் பன்னிரண்டரை மணி. வெளிச்சம் மோசம் என்று எல்லாரும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிற நேரம். படத்தில் மரம் முழுக்கப் பனி, வானம் கரும்பலகை மாதிரி. வாட்ஸப்பில் போட்டதும் “எங்க ப்ரோ இது, காஷ்மீரா?” என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மூன்று வாரத்தில் வேம்பு, வாழை, கோயில் நந்தவனம், கண்மாய்க்கரைக் கருவேலம் என்று கண்ணில் பட்ட இலையையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். ஒருநாள் ராத்திரி எல்லாவற்றையும் வரிசையாக ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்திருந்தேன்.

இந்தக் கட்டுரை அந்த எரிச்சலில் பிறந்தது. அகச்சிவப்பில் எந்த மரமும் அழகாகிவிடும். எடுப்பவர் எதையும் கவனித்திருக்கத் தேவையில்லை. அப்படியென்றால் இந்த முறையில் வந்த நல்ல படத்தை எப்படித்தான் அடையாளம் காண்பது?

முதலில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் கண் சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு நின்றுவிடும். டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சார் ஏறக்குறைய 1100 வரை பார்க்கும். பார்த்தால் நிறங்கள் கெடும் என்பதால் சென்சாருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்திருப்பார்கள். தடுப்பையும் மீறிக் கொஞ்சம் கசியும். 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை மறிக்கிற, பார்க்கக் கன்னங்கரேலென்று இருக்கிற ஃபில்டரை லென்ஸில் மாட்டினால் அந்தக் கசிவை மட்டும் சேகரிக்கலாம். என் பழைய கேமராவுக்கு உச்சி வெயிலிலும் 20 நொடி வேண்டும். ட்ரைபாட் இல்லாமல் முடியாது. ஃபில்டரை மாட்டியபின் வ்யூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது, அதனால் முன்பே ஃபோகஸ் செய்துகொள்ள வேண்டும். செலவழிக்கத் தயாரானவர்கள் அந்தத் தடுப்பையே கழற்றிவிடுகிறார்கள்.

இலையின் பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் விழுங்கும், அகச்சிவப்பை விழுங்காது. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்றிடைவெளிகளும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படி வெளுத்த மரங்களின் படங்களை 1910-லேயே வெளியிட்டார். இன்றும் இதற்கு ‘வுட் விளைவு’ என்றுதான் பெயர். உடல் சூட்டைக் காட்டும் வெப்பக் கேமராவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது இன்னும் பல மடங்கு நீண்ட அலை.

சிக்கல் நிறத்தில் தொடங்குகிறது. 720 ஃபில்டரில் எடுத்த படம் கேமராவிலிருந்து செக்கச்செவேலென்று வரும். இலையைக் காட்டி வொயிட் பேலன்ஸ் வைத்தால் இலை வெளுக்கும், வானம் பழுப்பாகும். பிறகு மென்பொருளில் சிவப்புச் சேனலையும் நீலச் சேனலையும் இடம் மாற்றினால் வானம் நீலமாகிவிடும். இணையத்தில் நாம் லைக் போடுகிற ‘கனவுலக’ப் படங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். அந்த நீலம் எங்கிருந்து வந்தது? சென்சாரின் மேலுள்ள சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள் அகச்சிவப்பை ஒரே அளவில் கடத்துவதில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தை ஊதிப் பெருக்கி நிறம் என்கிறோம். நிஜ வானம் நீலமாக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது தெரிந்த அன்று என் படங்களில் பாதியை அழித்தேன்.

ரிச்சர்ட் மோஸின் காங்கோ படங்களுக்கு நான் திரும்பிப் போனது இதற்குப் பிறகுதான். அயர்லாந்துக்காரரான மோஸ், கோடாக் உற்பத்தியை நிறுத்திவிட்ட ஏரோக்ரோம் ஃபிலிமோடு கிழக்குக் காங்கோவின் ஆயுதக் குழுக்களுக்கு நடுவே போனார். அங்கே 16 எம்எம்மில் எடுத்த ‘தி என்க்ளேவ்’ 2013 வெனிஸ் பியனாலேவில் ஆறு திரைகளில் ஓடியது. காடு முழுக்க ரோஜா நிறம், அதற்குள் துப்பாக்கியோடு இளைஞர்கள். போரை மிட்டாய் ஆக்கிவிட்டார் என்று அவர்மேல் புகார் உண்டு. முதலில் பார்த்தபோது நானும் அந்தக் கட்சிதான்.

கற்றுக்கொண்ட பின் கட்சி மாறிவிட்டேன். ஏரோக்ரோமின் வழி, இரண்டாம் உலகப் போரில் மறைந்திருக்கும் எதிரியைக் கண்டுபிடிக்க உருவான ஃபிலிமிலிருந்து வருகிறது. அதில் மூன்று அடுக்குகள். பச்சை ஒளி நீலமாகவும், சிவப்பு ஒளி பச்சையாகவும், அகச்சிவப்பு சிவப்பாகவும் பதியும். உயிருள்ள இலை சிவப்பாக எரியும். அன்றைய ராணுவப் பச்சைப் பெயிண்டும், மேலே போர்த்திய வெட்டிய கிளையும் அப்படி எரியாமல் காட்டிக்கொடுக்கும். ஆக அந்த ரோஜா நிறம் மோஸின் விருப்பமல்ல. வேவு பார்க்கிறவர்களின் மொழி அது. இலைக்குள் ஒளிந்து வாழ்கிறவர்களை, ஒளிந்தவரைத் தேடப் பிறந்த ஃபிலிமில், அவர்கள் நம் முகத்தைப் பார்த்து நிற்கும்போதே எடுக்கிறார். அந்த உறுத்தல்தான் படம். அதே தொடரில், ஆளே இல்லாத இளஞ்சிவப்பு மலைச்சரிவுகள் சிலவும் உண்டு. அவற்றில் அவரும் என் புளியமரத்தைத்தான் எடுத்திருக்கிறார்.

இப்போது ஃபோனிலேயே ‘ஏரோக்ரோம் லுக்’ ப்ரீசெட்கள் கிடைக்கின்றன. பச்சை எங்கிருந்தாலும் ரோஜாவாக்கும். இலையும் ரோஜா, பச்சைப் பேருந்தும் ரோஜா, பக்கத்து வீட்டுப் பச்சை கேட்டும் ரோஜா. எது உயிருள்ள பச்சை, எது பூசிய பச்சை என்று பிரிப்பதற்காக வந்த நிறம் கடைசியில் அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்கிறது.

நிறத்தைத் துறந்த இரண்டு சினிமாக்கள் எனக்கு இன்னும் அதிகம் சொல்லிக்கொடுத்தன. கலத்தோசவின் ‘சோய் கூபா’ 1964-ல் வந்தது, ஒளிப்பதிவு உருசெவ்ஸ்கி. தொடக்கத்தில் கேமரா கடலோரத்தின் மேல் பறக்கிறது. தென்னையும் பனையும் வெள்ளை இறகுகள் மாதிரி நிற்கின்றன. கியூபாவே பேசுவதாக ஒரு பெண் குரல் தன் சர்க்கரையைக் கப்பல்கள் கொண்டுபோன கதையைச் சொல்கிறது. குரலோடு சேர்த்துப் பார்த்தால் அந்த வெள்ளை எனக்குப் பனியாகத் தெரியவில்லை, சர்க்கரையாகத் தெரிந்தது. நிலமே விற்பனைச் சரக்காகிவிட்ட மாதிரி. படம் அப்போது ஹவானாவிலும் எடுபடவில்லை, மாஸ்கோவிலும் எடுபடவில்லை. அதில் அலங்காரம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொடக்கம் வெறும் அலங்காரமில்லை.

இரண்டாவது, நீங்கள் தியேட்டரில் பார்த்திருக்கக்கூடிய ‘டியூன்: பாகம் இரண்டு’ (2024). ஹார்கொன்னன்களின் கோளில் நடக்கும் அரங்கச் சண்டையை டெனி வில்நெவும் கிரேக் ஃப்ரேசரும் மாற்றியமைத்த டிஜிட்டல் கேமராவில், அகச்சிவப்பில், கறுப்பு வெள்ளையாக எடுத்தார்கள். கட்டடத்துக்குள் நிறம் இருக்கிறது. வெயிலுக்கு வந்ததும் செத்துவிடுகிறது. அங்கே ஒரு மரம்கூட இல்லை. இந்த முறையின் ஒரே ஜனரஞ்சக வித்தையான வெள்ளை இலையை அவர்கள் தொடவே இல்லை. மிஞ்சுவது தோல். அகச்சிவப்பு தோலுக்குள் கொஞ்சம் ஊடுருவித் திரும்பும். அதனால் மருவும் சுருக்கமும் மங்கி முகம் மெழுகாகும், கண்கள் இருண்டுபோகும். ஃபெய்ட் ராத்தா சிரிக்கும்போது வருகிற அருவருப்பில் பாதி அந்த ஒளியின் வேலை. வெயில் எதையும் காட்டிக்கொடுக்காத ஊரில் கொடூரத்தை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்று தோன்றியது.

இந்த மூன்றிலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே காட்சியை யோசித்துப் பார்க்க வேண்டும். அப்போது இழப்பது அழகு மட்டும் என்றால் படம் தேறாது. ஏதாவது ஒரு செய்தியும் சேர்ந்து போகிறதென்றால் தேறும்.

என் படங்களில் இதுவரை தேறியது ஒன்றுதான். அதே புளியமரத்தடியில் அப்பாவை உட்காரவைத்து, “20 நொடி அசையாம இருங்கப்பா” என்றேன். காற்றில் இலையெல்லாம் கலங்கி வெள்ளைப் புகையாகிவிட்டது. அவர் மட்டும் அசையவில்லை. முகத்தில் அம்மைத் தழும்பு காணோம். இரண்டு நாள் நரைத்தாடி காணோம். போட்டிருந்த கறுப்பு பாலியெஸ்டர் சட்டை சாம்பல் வெள்ளையாக வந்திருந்தது. அந்தச் சாயம் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அகச்சிவப்புக்கு இல்லை.

நிறம் எதையும் மாற்றாமல் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏன்டா, நான் இந்தச் சட்டையா போட்டிருந்தேன்?”