புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே: வெக்டர் படத்தை ரசிப்பது எப்படி?

நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனரின் முன்னால் நாலடி தூரத்தில் நின்று பாருங்கள். தாய்மாமன் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் பாவம், முகம் என்ன செய்யும்? அதே பேனரில் ‘வருக வருக’ என்ற எழுத்தைப் பாருங்கள். ‘ரு’வின் கீழ் வளைவு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இரண்டும் ஒரே மெஷினில், ஒரே மையில் அச்சானவைதான்.

முகத்தைக் கணினி வைத்திருக்கும் விதம் வேறு, எழுத்தை வைத்திருக்கும் விதம் வேறு. போட்டோவில் ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் என்ன நிறம் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. பெரிதாக்கினால் கட்டமும் சேர்ந்து பெரிதாகும். எழுத்தில் இருப்பது கட்டளை: இந்தப் புள்ளியில் தொடங்கு, இவ்வளவு வளைந்து, அந்தப் புள்ளிக்குப் போ. பெரிதாக்கும்போதெல்லாம் கணக்கை முதலிலிருந்து போட்டுக் கோட்டைப் புதிதாக வரைந்துகொள்கிறது. இதுதான் வெக்டர். டிசைன் கொடுக்கப் போனால் கடைக்காரர் ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்பார். எழுத்துருவாக இருப்பதை வெறும் கோடாக மாற்றி அனுப்புங்கள், இல்லையென்றால் என் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாமல் எழுத்து மாறிவிடும் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

சாஃப்ட்வேர் பழகுகிறவர்கள் பெரும்பாலும் பட்டன்களில் தொடங்கி பட்டன்களிலேயே முடித்துவிடுகிறார்கள். நல்ல கோடு எது, கெட்ட கோடு எது என்று கண் பழகவே இல்லை. கண் பழகிய பிறகு கோரல் டிராவோ இன்க்ஸ்கேப்போ எதுவானாலும் ஒன்றுதான்.

கண்ணைப் பழக்க நல்ல இடம் லாரியின் முதுகு. நாமகிரிப்பேட்டைக்கு மஞ்சள் ஏற்ற வரும் வண்டிகளில் பல, நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பாடி கட்டியவை. அவற்றின் பின்னால் ஒட்டியிருக்கும் ரேடியம் ஸ்டிக்கர் எழுத்துகளை வெட்டுவது பிளாட்டர். அந்த மெஷினில் மை கிடையாது, சின்னக் கத்திதான் உண்டு. கத்திக்கு நிறம் தெரியாது, பாதை மட்டும்தான் தெரியும். அதனால் அங்கே போட்டோ செல்லாது, வெக்டர் மட்டுமே செல்லும். பாதையில் தேவையில்லாத நோடுகள், அதாவது புள்ளிகள், மலிந்து கிடந்தால் கத்தி தயங்கித் தயங்கிப் போகும், வளைவு நெளிந்துவிடும். ‘இ’யையோ ‘ண’வையோ தேர்ந்தெடுத்து அதன் சுழியைப் பாருங்கள். விளிம்பு ஒரே மூச்சில் சுற்றி வந்திருக்கிறதா, நடுவில் எங்காவது முட்டி தட்டுகிறதா? முட்டி தெரிந்தால், வரைந்தவர் அந்த இடத்தில் ஒரு நோடு அதிகமாக வைத்திருக்கிறார் என்று பெரும்பாலும் சொல்லலாம்.

அந்த வளைவின் கணக்கு கார் தொழிற்சாலையில் பிறந்தது. பிரான்சில் சித்ரோவன் கம்பெனியில் வேலை செய்த பால் தெ காஸ்தெல்ஜோ 1959-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி வெளியே விடவில்லை. ரெனோ கம்பெனியின் பியர் பெசியர் 1960-களில் அதே கணக்கைத் தன் வழியில் கண்டடைந்து வெளியிட்டார். பெயர் அவருக்குப் போய்விட்டது. கணக்கு எளிது: கோட்டின் இரு முனைகளில் இரண்டு புள்ளிகள். வெளியே, கோட்டைத் தொடாமல் நின்று அதைத் தங்கள் பக்கம் இழுக்கும் இரண்டு கைப்பிடிகள். இந்த நான்கு புள்ளிகளை மட்டும் வரைகிறவர் வைக்கிறார். நடுவில் உள்ள அத்தனையும் கணக்கிலிருந்து வருகிறது. 1987-இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வந்தபோது இதே வளைவுதான் ஓவியர்களின் கைக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெசியர் வளைவால் சுத்தமான வட்டம் வரைய முடியாது. நாலு நோடு வைத்து, கைப்பிடி நீளத்தை ஆரத்தில் 0.5523 பங்கு வைத்தால் வட்டம் போலவே ஒன்று கிடைக்கும். பிழை ஆரத்தில் 0.03 சதவீதம்கூட வராது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொய்யைத்தான் உலகத்து லோகோக்களில் பாதி சுமந்துகொண்டிருக்கும்! நாலே நோடில் முடிகிற வட்டத்தை நாற்பது நோடில் வரைந்திருந்தால், வரைந்தது கை இல்லை, போட்டோவைத் தானாகவே கோடாக்கும் ‘ஆட்டோ டிரேஸ்’ என்று புரிந்துகொள்ளலாம். கைதேர்ந்தவர்கள் நோடுகளை வளைவின் மேல் உச்சி, கீழ் உச்சி, இடக்கோடி, வலக்கோடி ஆகிய இடங்களில் வைப்பார்கள். யாராவது ஃபைல் கொடுத்தால் இன்க்ஸ்கேப்பில் திறந்து ‘என்’ விசையைத் தட்டுங்கள், நோடுகள் தெரியும். கோரல் டிராவில் எஃப்10. படத்தைவிட அதன் எலும்புக்கூடு நிறையப் பேசும்.

கோட்டை ரசிக்கத் தமிழ்நாட்டு வாசலைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றிக் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். சின்னத் துண்டு ஒன்றையும் சில விதிகளையும் கொடுத்தால் கோலம் எப்படிப் பெரிதாக வளர்கிறது என்பதை எழுதிக் காட்டினார்கள். படத்தைப் படமாக வைக்காமல் கட்டளையாக வைக்கலாம் என்ற அதே எண்ணம்தான். பின்னாளில் கனடாவில் பிரூஷின்கேவிச் என்ற ஆய்வாளர், சொன்னபடி திரையில் நகர்ந்து கோடு போடும் ‘ஆமை’யைக் கொண்டு, கிருஷ்ணனின் கால்சிலம்பு என்று பெயர் கொண்ட கோலத்தைக் கணினியில் வரைந்தார்.

மார்கழியில் சிக்குக்கோலம் போட்ட வாசலில் ஒரு நிமிடம் நின்று நான்கைக் கவனியுங்கள். இழை ஒன்றா, பலவா? விரலால் காற்றில் தொடர்ந்து போனால் தொடங்கிய இடத்துக்கே வருகிறதா? ஓரத்துத் திருப்பங்கள் எல்லாம் ஒரே அளவா? பெரும்பாலும் ஓரத்தில்தான் கை சோர்ந்துபோகும். கடைசியாக, கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். அங்கே கோணம் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பெண்மணிக்கு எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை. கோலத்தில் இழை புள்ளியைத் தொடாமல் சுற்றிப் போகும், வெக்டரில் கோடு நோடுகளின் வழியாகவே போகும். ஆனால் இரண்டிலும் புள்ளி வைப்பது ஒருவர் கை, அழகு தங்குவது புள்ளிகளுக்கு நடுவில்.

அசையும் படத்துக்கும் இதே கண்தான் வேண்டும். பந்து இங்கே, ஒரு நொடி கழித்து அங்கே என்று இரண்டு கீ ஃப்ரேம் கொடுத்தால் நடுவில் உள்ளதைக் கணினி நிரப்பிக்கொள்ளும். பழகாதவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். பந்து ஒரே வேகத்தில், செத்த பந்தாக நகரும். அசைவுக்கு உயிர் வருவது வேகம் கூடிக் குறைவதில். ‘ஈஸிங்’ எனப்படும் அந்தக் கூடுதல் குறைதலை வலைப்பக்கத்தில் எதைக் கொண்டு எழுதுகிறார்கள் தெரியுமா? மறுபடியும் பெசியர் வளைவுதான். கிடையாக நேரம், நெடுக்காக மாற்றம். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ‘ஈஸ்’ என்று எழுதினால் 0.25, 0.1, 0.25, 1 என்ற நான்கு எண்களை வைத்து உலாவி அந்த வளைவைப் போட்டுக்கொள்கிறது. காரின் முதுகை வளைத்த கணக்கு, பந்தின் வேகத்தையும் வளைக்கிறது.

இதை நாமகிரிப்பேட்டைக்காரர்களிடம் நீட்டி விளக்க வேண்டியதில்லை. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரத்தில் ஒரு விளம்ப ஆலாபனையைக் கேளுங்கள். துளையைப் பாதி மூடி, மூச்சை அடக்கி, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவர் போய்ச் சேரும் வழியில்தான் ராகம் இருக்கிறது. அசைவில் ஈஸிங்கும் அப்படித்தான். போனில் பணம் அனுப்பியதும் வருகிற பச்சை டிக்கை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். கோடு எங்கே தயங்கியது, எங்கே ஓடியது, எல்லையைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பியதா?

இணையத்தில் இந்த வித்தையைப் பரப்பியது ஃப்ளாஷ் என்ற மென்பொருள். 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்து, மேக்ரோமீடியாவிடம் போய், பிறகு அடோபியிடம் போனது. மெதுவான டயல்-அப் இணைப்பிலும் கார்ட்டூன் ஓடியதற்குக் காரணம் வெக்டரின் எடைக்குறைவுதான். பழைய ஃப்ளாஷில் அடிப்படை வேகம் நொடிக்கு 12 ஃப்ரேம் மட்டும். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஃப்ளாஷ் பிளேயரை நிறுத்திவிட்டது. பழைய படங்கள் பலவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவில் இன்றும் ஓட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் திக்கித் திக்கி ஓடும் அந்தப் படங்களில் ஒரு குறும்பு உண்டு, இன்றைய வழவழப்பான செயலிகளில் அது குறைவு என்பது என் கட்சி. இப்போது ஃப்ளாஷின் வேலையை, எஸ்விஜி என்ற வெக்டர் பட வடிவமும் சிஎஸ்எஸ்ஸும் செய்கின்றன.

கற்றுக்கொள்ளக் காசு வேண்டாம். இன்க்ஸ்கேப் இலவசம், அசைவுக்கு சின்ஃபிக் இலவசம். முதல் பாடமாக ‘ழ’வைக் காகிதத்தில் பெரிதாக எழுதிப் படம் பிடித்து, அதன் மேல் பெசியர் கருவியால் கோடு ஓட்டுங்கள். முடித்ததும் நோடுகளை எண்ணி, ஒவ்வொன்றாக அழித்துப் பாருங்கள். வடிவம் கெடவில்லையென்றால் அந்த நோடு அங்கே வெட்டியாக நின்றிருக்கிறது. கெட்டால் திரும்ப வையுங்கள். ‘ழ’ பிடிபட்டால் மற்ற எழுத்துகள் சுலபம். ஆட்டோ டிரேஸ் பட்டனை மட்டும் முதல் ஒரு மாதத்துக்குத் தொட்டுவிடாதீர்கள்.