சாம் பிரெஸ்டியின் கைவண்ணம்

2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸ் நகரில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 152-79 என்று தோற்றது. 73 புள்ளி வித்தியாசம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ.யின் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி அதுவரை யாருக்கும் நேர்ந்ததில்லை. இப்படி ஓர் அடி விழுந்தால் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்புவதுதான் பல அணிகளின் வழக்கம். இங்கே யார் பதவிக்கும் ஆபத்து வரவில்லை. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2025 ஜூன் 22 அன்று, அதே பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட், அதே பொது மேலாளர் சாம் பிரெஸ்டி, அதே நட்சத்திரம் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை 103-91 என வென்று கோப்பையைத் தூக்கினார்கள்.

களத்தில் நடந்ததை உலகமே பார்த்தது. அதற்கு முந்தைய வேலை அலுவலகத்தில், ஒப்பந்தத் தாள்களில் நடந்தது. ஆட்டத்தை ரசிப்பது போலவே அதையும் வரி வரியாக ரசிக்கலாம்.

என்.பி.ஏ.யில் பணம் மட்டும் அணியைக் கட்டித் தராது. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. வரம்பை வெகுவாக மிஞ்சிப் போனால் வரி கழுத்தை நெரிக்கும். ஆண்டுதோறும் புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடக்கும். மோசமாக ஆடிய அணிகளுக்கே முதல் இடங்கள் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் சுற்றில் வரும் இளைஞருக்கு ஆரம்ப ஆண்டுகளில் சம்பளம் ஓர் அட்டவணைக்குள் அடங்கிவிடும். ஆகவே நல்ல இளம் வீரரைவிட லாபமான சொத்து ஓர் அணிக்கு இல்லை. அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே பல ஆண்டுகள் முன்கூட்டி வாங்கலாம், விற்கலாம்.

2019 ஜூலையில் பிரெஸ்டி செய்த பேரத்தை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். தண்டரின் பால் ஜார்ஜ் லாஸ் ஏஞ்சலிஸ் போக விரும்பினார். அங்கே கிளிப்பர்ஸ் அணி காவை லெனர்டை வளைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. லெனர்டோ ஜார்ஜ் கூட வந்தால்தான் வருவேன் என்ற நிலையில் இருந்தார். ஜார்ஜை விட்டால் கிளிப்பர்ஸுக்கு லெனர்டும் இல்லை. பிரெஸ்டி இதைப் புரிந்துகொண்டு ஒரு நட்சத்திரத்துக்கு இரண்டு நட்சத்திரங்களின் விலையைக் கேட்டார், கிடைத்தது. கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டேனிலோ காலினாரி, ஐந்து முதல் சுற்று உரிமைகள், கூடவே இரண்டு இடமாற்று உரிமைகள்.

அந்த ஆண்டுகளைக் கூர்ந்து பாருங்கள். கிளிப்பர்ஸின் சொந்த உரிமைகள் 2022, 2024, 2026. இடையில் வரும் 2023, 2025 இரண்டிலும் இடமாற்று: இருவரில் யாருடைய இடம் மேலே இருக்கிறதோ அதைத் தண்டர் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த இரு ஆண்டுகளுக்கு முதல் சுற்று உரிமையே இல்லாதபடி எந்த அணியும் விற்கக் கூடாது என்று விதி இருப்பதால்தான் இந்த ஒன்றுவிட்ட ஒன்று. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் எதிர்காலத்தை அள்ளி அள்ளி விற்றதால் வந்த விதி. இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மீதி இரண்டும் கிளிப்பர்ஸ் கைவசம் இருந்த மயாமியின் உரிமைகள். விதி அனுமதித்த கடைசி விளிம்பு வரை போய் எழுதிய ஒப்பந்தம் இது.

2022க்கான உரிமையில் பிரெஸ்டி 12ஆவது ஆளாக எடுத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளிகள் அடித்தவர் அவர்தான். கில்ஜியஸ்-அலெக்சாண்டர் அந்த ஆண்டின் சிறந்த வீரர், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் என இரு விருதுகளையும் வாங்கினார். பால் ஜார்ஜோ 2024இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். பதிலுக்குக் கிளிப்பர்ஸுக்கு ஒன்றும் வரவில்லை.

பாஸ்டன் இந்த வித்தையை முன்பே செய்திருந்தது. 2013இல் வயதேறிய கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளினுக்குக் கொடுத்து வாங்கிய உரிமைகளின் வழியே ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள்; 2024இல் கோப்பையும் வந்தது.

பிரெஸ்டியிடம் குறை இல்லாமல் இல்லை. 2007, 2008, 2009 என மூன்று டிராஃப்ட்களில் வரிசையாகக் கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் ஆகியோரைப் பிடித்தவர் அவர். மூவருமே பின்னாளில் ஆண்டின் சிறந்த வீரர் ஆனார்கள். அப்படிப்பட்ட கண். ஆனால் 2012இல் இறுதிச் சுற்றில் தோற்ற சில மாதங்களிலேயே, சம்பளத்தில் உடன்பாடு எட்டாமல், ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அந்த மூவர் அணி ஒரு கோப்பைகூட வெல்லாமல் கலைந்தது. வரிக் கணக்கை எத்தனை முறை காட்டினாலும் அந்த முடிவை ஏற்க மனம் வராது.

அவருடைய மிக அழகான முடிவு எது என்று கேட்டால் பலரும் 2019 பேரத்தைச் சொல்வார்கள். 2024 ஜூனில் நடந்த சிறிய பரிமாற்றம் அதற்கும் ஒரு படி மேல். தாமே 2021இல் ஆறாவது இடத்தில் தேர்ந்தெடுத்த ஜாஷ் கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து, அவரைவிட எட்டு வயது மூத்த அலெக்ஸ் கரூசோவை வாங்கினார். கொசுறாக ஒரு டிராஃப்ட் உரிமைகூடக் கேட்கவில்லை. சேர்த்துவைக்கும் காலம் முடிந்தது, வெல்லும் காலம் வந்தது என்பதைக் கண்டுகொண்ட முடிவு அது. தாம் எடுத்த ஆளைத் தாமே விடுவதற்கு நெஞ்சுரமும் வேண்டும். கரூசோ டிராஃப்ட்டில் யாரும் எடுக்காத வீரர். 2016-17இல் தண்டரின் துணை அணியில் டெய்க்னால்டின் கீழ்தான் ஆடினார்.

பலன் 2025 மே 18 அன்று தெரிந்தது. இறுதிச் சுற்றுக்கு முன்பு நடந்த தொடரில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டம். 6 அடி 11 அங்குல நிகோலா யோக்கிச்சை மறிக்க 6 அடி 5 அங்குலக் கரூசோவை நிறுத்தினார் டெய்க்னால்ட். கரூசோ அவருக்குப் பின்னால் நிற்கவில்லை; முன்னால் புகுந்து, கையை நீட்டி, பந்து அவரிடம் வந்து சேரும் பாதையையே அடைத்தார். பந்து தலைக்கு மேல் போனால் பிடுங்க இன்னொருவர் பின்னால் தயாராக நின்றார். உலகின் தலைசிறந்த மைய ஆட்டக்காரரால் அன்று ஒன்பது முறைதான் கூடையை நோக்கி எறிய முடிந்தது. தண்டர் 125-93 என வென்றது.

பட்டம் வென்ற நாளில், 2019 ஒப்பந்தத்தில் வாங்கிய கிளிப்பர்ஸின் 2026 முதல் சுற்று உரிமை இன்னும் செலவாகாமல் பிரெஸ்டியின் கையிலேயே இருந்தது.